முன்பணம்

ஃப்ரிட்ஜுக்கு முன்பணம் கட்டத்தான்
கும்பகோணம் போனேன்.
பக்கத்துக் கடையில் தொங்கியது,
கருநீலம், நாலே கம்பி.
விலை கேட்டது வாய்;
அதற்குள் கை எண்ணிக் கொடுத்துவிட்டது.

வலங்கைமான் பேருந்தில்
அதற்கும் ஒரு டிக்கெட்.
"வீணையா?"
"பேஸ்."
"பேசிக்கிட்டுத்தானே வர்றோம்"
என்றார் நடத்துநர்.

ஆம்ப்ளிஃபயருக்கு ஏது காசு.
ராத்திரி அதன் தலையை
பீரோ கதவில் முட்டுக்கொடுத்து
ஆகத் தடித்த கம்பியை
ஒரே ஒரு தடவை சுண்டினேன்.
உள்ளே குங்குமச்சிமிழ் அதிர,
என் விலாவுக்குள் எதுவோ
இடம் மாறி உட்கார்ந்தது.

மங்களா புரண்டு படுத்தாள்.
"இன்னுமா ஓடுது மோட்டார்?"

"நாத்தங்காலுக்குப் பத்தலை"
என்று மறுபடி சுண்டினேன்.

மூணு நாளாய்
காயில் எரிந்து கிடக்கிறது
மோட்டார்.