வவுனிக்குளத்துப் பட்டியல்

மாங்குளம் சந்தியில் பிளேன்ரீ குடிக்கும்போதே
துஷ்யந்தி ரீச்சர் சட்டத்தை வாசித்துவிட்டாள்:
இரண்டு பேர் கண்டால்தான் கணக்கு.
ஒருவர் கண்டது கனவு.
கேட்டது, அதற்கும் கீழே.

கேதீசனின் ஓட்டோவுக்குக் கதவில்லை.
மாசிப் பனி உள்ளே ஏறி
என் இரவல் பைனாகுலரின் கண்ணாடியில் குந்தியது.
துடைத்தேன். குளிர் விரலுக்கு இடம் மாறியது.

மல்லாவிப் பாதையில் வயல் அறுபடுகிறது.
சுனாமி மெசினுக்குப் பின்னால்
சம்பள நாள் வரிசையாய் உண்ணிக்கொக்குகள்.
இருநூறு வரை எண்ணினேன். மெசின் திரும்பியது.
கொக்குகளும் திரும்பின.
"ஏறத்தாழ எண்டு போடும்" என்றாள்,
ஏறத்தாழ என்ற சொல்லையே பிடிக்காதவள்.

மின்கம்பியில் ஒரு பனங்காடை
மண்ணிறச் சட்டை போட்ட கிளாக்கர் மாதிரி இருந்தது.
பறந்தபோதுதான் தெரிந்தது
அக்குளுக்குள் அவ்வளவு நீலம்.

குளக்கட்டில் ஏறினோம்.
வெயில் இன்னும் தண்ணீரில் கால் வைக்கவில்லை.
பட்ட மரமெங்கும் நீர்க்காகங்கள்.
தாமரை இலையில் இலைக்கோழி
எங்கள் வங்கிக்கு முதன்முதல் கடன் கேட்டு வருகிறவன்போல்
ஒவ்வோர் அடியையும் யோசித்து வைத்தது.
நத்தைகுத்தி நாரை ஏழு.
கூழைக்கடா இருபத்திரண்டு.
நீலத்தாழைக்கோழிகள் தங்களுக்குள் அடிபட்டன;
முப்பது என்று நாங்கள் சமாதானம் செய்தோம்.
ஊசிவால் வாத்து ஒன்றை நான் கண்டேன்.
அவள் திரும்புமுன் கோரைக்குள் போய்விட்டது.
கனவில் சேர்த்தாள்.

அறுபதுடன் கொப்பியை மூட,
அதே கோரைக்குள் ஒரு சத்தம்.
வெறும் குடத்துக்குள் வாயை வைத்து
யாரோ ஊதி ஊதி நிறுத்துவதுபோல்.

கேதீசன் பணிசைப் பிய்த்தபடி
திரும்பிப் பாராமலே சொன்னான்:
"தண்ணீர்க்கோழி. ஆண்."

"கண்டனீரோ?"
"கேட்டனான்."
"கேட்டது கணக்கில்லைத் தம்பி."

அவன் மெல்லுவதை நிறுத்தினான்.
"அங்கயும் உதைத்தான் சொன்னவை, ரீச்சர்.
பஸ் ஜன்னல் எல்லாம் பூட்டு.
உள்ளுக்கை தம்பியின்ர இருமல்.
சின்னனில இருந்து பக்கத்தில படுத்தனான்,
எனக்குத் தெரியாதோ அவன்ர இருமல்?
கண்டனீரோ எண்டு கேட்டினம்.
கேட்டனான் எண்டு சொன்னன்.
அந்தக் கட்டத்தில கோடு இழுத்தவை."

மிச்சப் பணிசை வாய்க்குள் வைத்தான்.

வண்டா கிபிரா என்று
காதை நம்பித்தான் நாங்களெல்லாம்
பங்கருக்குள் ஓடினோம்.
அப்போது எவரும்
இரண்டாவது சாட்சி கேட்கவில்லை.
இதை நான் சொல்லவில்லை.
பைனாகுலரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்,
அது காய்ந்துதான் இருந்தது.

துஷ்யந்தி கொப்பியைத் திறந்தாள்.
அறுபத்தொன்று என்று இலக்கம் போட்டாள்.
'கண்டது' என்ற தலைப்பின் கீழ் இடமிருந்தும்
கொப்பியைச் சரித்து
ஓரத்தில், மேலிருந்து கீழாக எழுதினாள்: கேட்டது.

"எத்தினை?"

அவன் கோரைப் பக்கம் காதைக் கொடுத்தான்.
"ரெண்டு."

"ஒண்டுதானே கூப்பிடுது?"

"மற்றது இல்லாமல் ஏன் ரீச்சர் கூப்பிடுது?"

பேனை தாளில் நின்றது.
மை ஒரு சிறு புள்ளியாய் ஊறியது.

அக்கராயனுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம்.
கேதீசன் ஓட்டோவை ஸ்ரார்ட் பண்ணவில்லை.
கியரைத் தளர்த்தி, ஒரு கையால் ஹாண்டிலைப் பிடித்து
குளக்கட்டின் இறக்கம் வரை
உருட்டத் தொடங்கினான்.
நானும் ரீச்சரும்
செருப்பைக் கழற்றிவிட்டுப்
பின்னால் தள்ளினோம்.