உண்மை நகல்

விண்ணப்பத்தில் ஆறு கட்டங்கள்.
முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று
ஆறாவது வரை கேட்டார்கள்.
எனக்கிருந்தது ஒன்றே ஒன்று,
அதற்குக் கட்டம் இல்லை:
நீலச் சட்டை, தோளில் பட்டை,
சாட்ஸ்வர்த் ஸ்டேஷனில்
கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி.

போலீஸ் ஆக எதைப் படிப்பது?
யாரைக் கேட்டாலும்
அவரவர் பயத்தைப் பதிலாகச் சொன்னார்கள்.
அம்மா: கணக்கியல் எடு,
அது கிடைக்காவிட்டால் பேங்க் இருக்கு.
அப்பா, ப்ராஸ்பெக்டனில் இரவு ஷிஃப்ட் முடிந்து
பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே:
சட்டம் படி.
(படித்தால் மனம் மாறி வக்கீலாகிவிடுவேன் என்று
அவருக்கொரு நம்பிக்கை.)
மாமா மகன் கோகிலன்:
குற்றவியல்தான், பெயரிலேயே இருக்கே.
சார்ஜன்ட் படையாச்சி மட்டும்
என்னை ஏற இறங்கப் பார்த்து
"ஓடுவியா?" என்றார்.

ஓடுவேன்.
காலை ஐந்து மணிக்கு ஹிகின்சன் சாலையோரம்
டாக்ஸிகள் ஹாரன் அடித்துக் கிண்டல் செய்ய
ஓடிக்கொண்டுதான் இருக்கிறேன்.
கட்டங்கள்தான் காலியாக இருந்தன.

செப்டம்பர், செவ்வாய்க்கிழமை.
மதிப்பெண் பட்டியல், அடையாள அட்டை,
அப்பாவின் சம்பளச் சீட்டு.
அசலையும் நகலையும் அருகருகே வைத்துப் பார்த்து
முத்திரை குத்தித் தருவது
இந்த ஊரில் போலீஸ் வேலை.
வரிசையில் நின்றேன்.

எனக்கு முன்னால் தோபெகிலே.
பஸ் நிறுத்தத்தில் சோளம் சுட்டு விற்பவர்,
விரல் நுனியெல்லாம் கரி.
ஸூலு தெரிந்த கான்ஸ்டபிள் கோர்ட்டுக்குப் போயிருந்தாராம்.
இருந்தவர் பேனாவைத் திறந்தார்.
அந்த அம்மாள் பத்து நிமிடம் பேசினார்.
கையை உயர்த்தி ஓர் ஆளின் உயரம் காட்டினார்.
பிறகு, ஒரு காலை இழுத்து
இரண்டடி நடந்து காட்டினார்.
முன்பின் தெரியாதவனின் நடையை
யாரும் அப்படி நடந்து காட்ட முடியாது.

எட்டாம் வகுப்போடு நான் விட்ட மொழி.
பல்லில் ஒன்று, அண்ணத்தில் ஒன்று,
கடைவாயில் ஒன்று என்று
நாக்கு சொடுக்குப் போட
வகுப்பில் நாங்கள் சிரித்த மொழி.
நாம் உச்சுக் கொட்டினால் இரக்கம், இல்லை எரிச்சல்.
பல்லி கொட்டினால் சகுனம்.
அவர்களுக்கு அது வெறும் எழுத்து,
பெயர் எழுத, முகவரி சொல்ல.

அந்தப் பத்து நிமிடத்தில்
ஒரே ஒரு சொல் எனக்குப் பிடிபட்டது.
ங்கியமாஸி.
தமிழில் எந்தச் சொல்லும் தொடங்காத இடத்தில்
தொடங்குகிற சொல்.
'எனக்கு அவனைத் தெரியும்.'

கான்ஸ்டபிள் ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதினார்.
தலைகீழாகவே படிக்க முடிந்தது:
கைப்பேசி. நானூறு ரேண்ட்.
திருடியவர், அடையாளம் தெரியாதவர்.

அவர் கையெழுத்துப் போட்டார்.
நான் வாயைத் திறக்கவில்லை.
ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது?
அதுவும் நான் கேட்டது சரிதானா?
இப்படி யோசித்து முடிப்பதற்குள்
அவர் வாசலைத் தாண்டிவிட்டார்.

என் முறை.
கான்ஸ்டபிள் நல்லவர். சிரித்தார்.
ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு
அசலோடு ஒப்பிட்டார்.
சலோஷினி மூட்லி, ஓர் எழுத்தும் பிசகவில்லை.
பிறகு ஓங்கி, மூன்று முறை:
உண்மை நகல்.
உண்மை நகல்.
உண்மை நகல்.

இரவு, சாப்பாட்டு மேசையில்
இரண்டாவது கட்டம் அம்மாவுக்கு, மூன்றாவது அப்பாவுக்கு.
கோகிலனுக்கு நாலாவது போதும்.
மற்ற இரண்டும் கிடக்கட்டும்.
முதலாவதில் ஸூலு என்று எழுதினேன்.

"அதைப் படிச்சு?" என்றார் அப்பா.
சோளக்காரி கதையைச் சொல்லலாம்.
சொன்னால், நீ ஏன் பேசவில்லை என்பார்.
சும்மா இருந்தேன்.

அம்மா எட்டிப் பார்த்து
உச்சுக் கொட்டினாள்.
அது எந்த எழுத்து என்று
இனிமேல்தான் படிக்க வேண்டும்.