ஆவணம் வி-4

புதுக்கடை, மாவட்ட நீதிமன்றம்.
இரண்டு மின்விசிறியில் ஒன்று சுற்றியது,
மற்றது சுற்றுவதாகப் பாவனை செய்தது.
சாட்சிக்கூண்டில் எமல்டா சூசைப்பிள்ளை,
கொட்டாஞ்சேனை, வயது நாற்பத்தாறு.
வலக்கை மணிக்கட்டோடு மடிந்து தொங்கியது,
கொடியில் காயப்போட்ட கையுறை மாதிரி.

நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன்.
பத்தொன்பது வருடமாக அங்கேதான் நிற்கிறேன்.
எனக்கு அந்த அறையில் வாய் உண்டு,
சொல் கிடையாது.

எப்படியான வலி என்று சிங்களத்தில் கேட்டார்கள்.
அவள் சொன்னாள்:
உளையுது ஐயா. விடியப்புறம் கடுக்குது.
மழைக்குணம் எண்டால் விண் விண்ணெண்டு தெறிக்குது.
நடுவிரல் நுனியில மட்டும்
எந்த நேரமும் எறும்பு ஊருது.
நான் சொன்னேன்: ரிதெனவா.
நீதிபதி எழுதிக்கொண்டார்.
எறும்பு என்னோடு நின்றுவிட்டது.

பிறகு அவளுடைய சட்டத்தரணி
கையைக் கணக்காக்கினார்.
ஒரு நாளைக்கு எத்தனை இடியாப்பம்?
நானூறு. பெருநாள் கிட்டினால் அறுநூறு.
கொச்சிக்கடையில ரெண்டு கடை,
ஜம்பட்டா வீதியில ஒண்டு.
இப்போது யார் உரல் அமுக்குவது?
அவர்தான், புருசன். கோபத்தோட அமுக்குறார்.
நூல் தடிக்குது. கடைக்காரர் திருப்பி அனுப்புறாங்கள்.
நானூறைப் பெருக்கி, மாவையும் காஸையும் கழித்து,
அவள் உழைத்திருக்கக்கூடிய வருடங்களால்
மறுபடி பெருக்கினார்கள்.
கோபத்தை எந்த நிரலில் போடுவது
என்று யாரும் கேட்கவில்லை.

எதிராளிக்காகச் சமரதிவாகர எழும்பினார்.
மெல்லிய குரல், நல்ல மனிதர்.
உங்கள் கையொப்பமா இது?
ஓம்.
வாசித்துத்தான் போட்டீர்களா?
வாசிச்சுத்தான். தமிழ்ல இருந்தது.
ஊசி ஏறும்போது கறண்ட் அடித்ததாகச் சொன்னீர்கள்.
தாதியிடம் ஏன் சொல்லவில்லை?
அவள் யோசித்தாள்.
காய்ச்சல் ஊசி அப்பிடித்தான் எண்டு நினைச்சன், ஐயா.
சொல்லச் சொல்லி அதில இல்லையே.

தாளை என்னிடம் நீட்டினார்கள்,
மன்றுக்கு உரக்க வாசிக்க.
மூன்றாம் வரியில் தாதியர், தாதியார் என்றிருந்தது.
அந்தத் துணைக்காலை எனக்குத் தெரியும்.
ஒன்பது வருடத்துக்கு முன்,
பம்பலப்பிட்டியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில்
பக்கம் நானூற்றைம்பது ரூபாவுக்கு
அதை வைத்தவன் நான்.
ஆங்கிலத்தில் ஏழு வரி.
தமிழ் நீளும், தாள் நீளாது என்றார்கள்.
மகளுக்கு ரியூஷன் காசு கட்டவேண்டிய கிழமை அது.
ஏழாவதை விட்டேன்.

ஆறு வரியையும் பிசகில்லாமல் சிங்களத்தில் சொன்னேன்.
தாதியாரைக்கூடத் திருத்திச் சொன்னேன்.
அவ்வளவுதானா, என்றார் நீதிபதி.
இதில் உள்ளது அவ்வளவுதான், கனம் நீதிபதி அவர்களே.
பொய்யில்லை.
சத்தியப்பிரமாணத்துக்கு ஒரு கீறலும் விழவில்லை.

மருத்துவ நிபுணர் வரவில்லை.
அடுத்த தவணை ஓகஸ்ட் இருபத்தொன்று.

படிக்கட்டில் என்னை மறித்தாள்,
இடக்கையில் பையும் குடையும் சிக்கிக்கொள்ள.
நான் சொன்னதெல்லாம் அப்பிடியே சொன்னனீங்களா?
ஓம், என்றேன்.
பெரிய உபகாரம், என்றாள்.
குடையை விரிக்க அவளால் முடியவில்லை.
நான் விரித்துக் கொடுத்தேன்.

மருதானைச் சந்தியில் பஸ் அசையாமல் கிடந்தது.
டிக்கெட்டின் பின்புறத்தில்
அந்த வரியை எழுதிப் பார்த்தேன்.
ஊசி ஏறும்போது மின்சாரம் பாய்ந்ததுபோல் இருந்தால் உடனே சொல்லவும்.
ஏழு சொல்.
டிக்கெட்டிலேயே இன்னும் இடம் இருந்தது.