எட்டு நிமிடக் காற்று

துப்பாக்கி இருபத்தொன்பது டாலர்.
அதை மட்டும் வாங்கி வந்து
கராஜ் கதவைத் தூக்கினேன், ஏதோ ஜெயித்தவள் போல.

பிக்கப்பின் மேலுடம்பைக் கழற்றி
மரக்கட்டைகள் மேல் ஏற்றியாயிற்று.
அடியில் கிடந்தது சட்டகம்,
பதினேழு அடி நீளத்துக்கு ஒரு ஏணி.
சுரண்டினால் அப்பளமாய் உதிர்ந்தது துரு.

சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.
வாளி மணலை உறிஞ்சித் துப்ப
அந்தத் துப்பாக்கிக்குக் காற்று வேண்டும், காற்று, இன்னும் காற்று.
என் கம்ப்ரஸரோ டயருக்குக் காற்றடிக்கப் பிறந்தது.
எட்டு நிமிடம் சீறியது.
இருபது நிமிடம் மூச்சு வாங்கியது.
அந்த எட்டில் உள்ளங்கை அகல இரும்பு
சாம்பல் நிறத்தில் கண் திறந்தது.
பதினேழு அடியை, நான்கு பக்கமும் சேர்த்து,
உள்ளங்கையால் வகுத்துப் பார்த்தேன்.
விடை நவம்பர் என்று வந்தது.
இங்கே அக்டோபரிலேயே பனி விழும்.

ஹான்காக் பாலத்துக்கு இந்தப் பக்கம்
ஆர்வோ ஹெய்க்கினெனின் கடை.
அழுத்தக் கலன் ஒன்று காட்டினான், நூற்று நாற்பது.
மூடி இறுக்கும் திருகில் ஒன்று வேறு நிறம்.
"யாரோ திருப்பிக் கொடுத்தது, நூற்றுப் பத்துக்கு எடுத்துக்கோ."
எடுத்துக்கொண்டேன்.
பீங்கான் மூக்கு மூன்று, அவை கரையும் என்பதால்.
ஈரம் பிடிக்கும் வடிகட்டி ஒன்று;
குழாயில் ஒரு சொட்டு நீர் போதும்,
உள்ளே எல்லாம் புட்டு மாவு.

மணல்?
குழந்தைகள் விளையாடும் மணல் மூட்டை ஆறு டாலர்தான்.
கை அதன் மேல் ஒரு கணம் நின்றது.
ஆனால் செம்புச் சுரங்கம் இருந்த ஊர் இது.
தூசி என்ன செய்யும் என்று
கல்லறைத் தோட்டத்தில் வடக்கு வரிசை முழுக்க
இருமி இருமிப் போனவர்கள் படுத்திருக்கிறார்கள்.
நிலக்கரிக் கசடு வாங்கினேன்,
கறுப்பாய், கூராய், மூட்டை பதிமூன்று. எட்டு மூட்டை.
முகமூடியில் மட்டும் பேரம் பேசவில்லை.

பெரிய கம்ப்ரஸருக்கு
கவுண்டி சாலைப் பட்டறையில் டெல்பர்ட் ருவோனாவிடம் கேட்டேன்.
"சனிக்கிழமை மட்டும். டீசல் உன் செலவு, மார்லிஸ்."
அவர் தயங்காததற்குக் காரணம் உண்டு.
நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை
அவருடைய உப்பு லாரியை ஓட்டுபவள் நான்.
நள்ளிரவில் நாற்பத்தோரு மைல் உப்புத் தூவி
விடிந்ததும் அதே சாலையில்
இதே பிக்கப்பில் வீடு திரும்புவேன்,
பதினொரு குளிர்காலமாய்.
வேறு யாரையாவது திட்டலாம் என்று பார்த்தால்
சம்பளச் சீட்டில் என் பெயர்தான் இருக்கிறது.

சனி காலை, சர்ரென்று
ஒரு நீண்ட கிழிசலாய்ச் சத்தம்.
மதியத்துக்குள் இடது தண்டவாளம் முழுக்க வெளுத்தது.
முகமூடிக் கண்ணாடிக்கு அப்பால்
பக்கத்து வீட்டு லவோன் கையை ஆட்டினாள்.
நானும் ஆட்டினேன்.
நிறுத்திய பிறகுதான் பார்த்தேன்,
அவள் கொடியில் நான்கு விரிப்புகள்,
நான்கும் கறுப்பு.
துவைத்துத் தருகிறேன் என்றேன்.
"புதுசு வாங்கித் தா" என்றாள்.
கணக்கில் இன்னொரு வரி.

நான்கு மணிக்குச் சுப்பீரியர் ஏரியிலிருந்து மூடுபனி கிளம்பியது.
வெறும் இரும்பு ஒரு ராத்திரி தாங்காது,
ஈரக் காற்றைக் குடித்து ஆரஞ்சாகிவிடும்.
பிரைமரைக் கலக்கி, பிரஷ்ஷோடு படுத்தபடி ஓடினேன்,
முதுகால் ஓட முடியுமானால்.
பின்பக்க ஸ்ப்ரிங் பிடிக்கும் இடத்தில்
என் சுண்டுவிரல் உள்ளே போயிற்று.
துரு மூடி வைத்திருந்த ஓட்டை.
சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டேன்.
வட்டத்தைச் சுற்றிப் பூசினேன்.
உள்ளே பூசவில்லை.

திங்கள் வெல்டிங் ஆளைக் கூப்பிட வேண்டும்.
இருபத்தொன்பது டாலர் துப்பாக்கி
இன்னும் ஆணியில் தொங்குகிறது.
திருப்பிக் கொடுக்க முப்பது நாள் தவணை என்கிறது பில்.
இன்று இருபத்தெட்டு.