பதின்மூன்றை மறைத்த பின்

சூரியகாந்தி எண்ணெய்க் கிடங்கின் கணினி
செத்துப் பதினொரு நாள் ஆகியிருந்தது.
மதர்போர்டில் நாலு கெப்பாசிட்டர்
தலை வீங்கிப் பழுப்பாய்க் கசிந்திருந்தன.
அத்தனை இரவும் காவலர் அஸ்பாருக்
கறுத்த திரைக்கு முன்னால் உட்கார்ந்து
விதை கொறித்தபடி பதிவேட்டில் எழுதியிருக்கிறார்:
‘குறிப்பிடும்படி எதுவும் தென்படவில்லை.’
பொய் என்று எப்படிச் சொல்வது?

கேமரா பதினாறு.
அவற்றின் கம்பிகள் காங்கிரீட்டுக்குள் நுழைந்து
எங்கே வளைகின்றன, எங்கே இறங்குகின்றன
என்று அறிந்த ஒரே ஆள்
இப்போது ஹாம்பர்க்கில் லாரி ஓட்டுகிறான்.
எல்லாவற்றையும் புதிதாய்ப் போட என்ன ஆகும்,
கேட்டார் முதலாளி புனேவா.
சொன்னேன்.
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு
டான்யூபைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
“பழைய கார்டையே போடு, ஸ்த்ராவ்கா.”

பச்சைக் கார்டு. நாலு சில்லு.
துடைக்கத் துடைக்கத் தூசி.
விளிம்பில் பொன்னிறப் பல்வரிசை,
இரண்டு இடத்தில் பொக்கை.
புதிய போர்டில்
அந்தப் பற்களுக்கு வாயே வைக்கவில்லை.
இருப்பவை குட்டையும் நெட்டையுமான
வேறு இன ஸ்லாட்டுகள்.

புதியது ஒற்றைக் குரலில் விடுவிடுவென்று பேசும்.
பழையதற்கோ முப்பத்திரண்டு கம்பியும் கூடி
ஒரே மூச்சில் கத்த வேண்டும்.
நடுவில் ஒரு துபாஷி தேவைப்பட்டான்.
சோபியாவிலிருந்து கூரியரில் வந்தான்:
விரல் நீளத்தில் ஒரு பாலம்,
ருமேனியக் கரைக்குப் போகிற எங்கள் இரும்புப் பாலத்தைவிட
நெரிசல் குறைவு, சுங்கச்சாவடி இல்லை.

செருகினேன். கணினி கார்டைக் கண்டுகொண்டது.
கண்டுகொள்வது வேறு, கலந்து பேசுவது வேறு.
டிரைவர் முரண்டு பிடித்தது.
பழைய சிஸ்டத்தை ஏற்றினேன், ஒப்புக்கொண்டது.
அப்புறம் படம் வந்தது,
கிழித்துப் போட்ட கடிதம் போல:
லாரியின் பின்சக்கரத்தின் மேல் ஒரு முகம்,
முகத்துக்கு நடுவே மழை.
பிறகு நீலத் திரை.
மூன்று தடவை, அதே வரிசையில்.

இரவு ஒரு மணி. ஹீட்டரில் கையைக் காட்டிக்கொண்டு
எதேச்சையாகப் பெட்டியின் ஸ்டிக்கரைப் படித்தேன்:
நினைவகம் பதினாறு கிகாபைட்.

அட.

இந்தக் கார்டுக்கு
நாலு வரைக்கும்தான் எண்ணத் தெரியும்.
அதற்கு மேல் மாடி எழுப்பியிருப்பதை
யாரும் அதற்குச் சொல்லவில்லை.
ஒன்பதாம் மாடித் தபாலை
முதல் மாடிக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிறது.
அந்த வீட்டுக்காரர்கள் பிரித்துப் படித்துவிட்டு
மூர்ச்சையாகி விழுகிறார்கள்.

மூன்று போதும் என்று
தொடங்கும் இடத்திலேயே எழுதி வைத்தேன்.
மிச்சம் பதின்மூன்றும் உள்ளேதான் இருக்கின்றன,
மின்சாரம் குடித்துக்கொண்டு, வேலையில்லாமல்.
நினைவைக் குறைத்ததும் பார்வை வந்தது.
இதை வைத்துப் பெரிதாக ஏதாவது சொல்லலாம்;
எனக்குக் குளிரிற்று.

பதினாறு கட்டங்கள் திறந்தன.
சரக்கு மேடை, பீப்பாய் வரிசை,
வேலியோரம் ஒரு நாய், ஆற்றுப் பனி,
எதையுமே காட்டாத ஏழாம் எண்.
நான்காம் கட்டத்தில் இரண்டு முதுகுகள்.
“யார் அந்த வழுக்கை?” என்றார் அஸ்பாருக்.
கையைத் தூக்கிப் பார்த்தார்.
திரையில் அந்த ஆள்
ஒரு கணம் யோசித்துவிட்டுத் தூக்கினான்.

மூலையில் தேதி: 2003, ஜனவரி ஒன்று.
“திருத்தவா?”
தலையை இடமும் வலமுமாக ஆட்டினார்.
எங்கள் நாட்டில் அதற்குச் சரி என்று பொருள்.

திருத்தினேன். அவர் பதிவேட்டை இழுத்து
கண்ணாடியைத் துடைத்து
எழுத்து எழுத்தாக எழுதினார்:
‘2.40. காவல் அறையில் இருவர்.
ஒருத்தி கையில் ஸ்க்ரூடிரைவர்.
சந்தேகத்துக்கு இடமில்லை.’

ரசீதில் பதினாறு என்றே இருக்கிறது.
பதின்மூன்றைப் பற்றி
புனேவாவிடம் காலையில் சொல்ல வேண்டும்.