இரண்டு பத்து

இந்த ஊர் எப்போது தூங்குகிறது என்று
மேயருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.
திரையில் ஒரு பச்சைக் கோடு,
பதினொன்றரைக்குச் சரிந்து
நாலு மணி வரை தரையோடு கிடக்கும்.
லிதுவேனியாவின் இந்த மூலையில்
எட்டாயிரம் பேர்
ஆறு நாற்பதுக்குப் பல் துலக்குகிறார்கள்.
கூடைப்பந்து இருக்கிற இரவுகளில்
இடைவேளை விசில் ஊதிப் பதினேழாம் நிமிடம்
கோடு குதிரை மாதிரி எழும்.
நான் ஆட்டம் பார்ப்பதில்லை.
ஊரே எழுந்து போய் உட்கார்ந்து திரும்புவதைப் பார்ப்பேன்.

சல்லடையில் சேர்வது பெரும்பாலும் ஈரத் துடைப்பான்,
கயிறாய்த் திரிந்து.
ஒற்றைக் காலுறைகள்.
ஒருமுறை ஒரு பல்செட்.
கழுவி ஜன்னலில் மூன்று வாரம் வைத்திருந்தோம்,
யாரும் கேட்டு வரவில்லை.

உண்மையில் வேலை பார்ப்பது நாங்கள் இல்லை.
சேற்றில் ஒரு சொட்டை எடுத்து
நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தால்
தண்டில் நிற்கும் குட்டி மணிகள்,
அதிர்ந்தால் சுருண்டு, பயம் போனதும் நீண்டு,
ஊர் தின்று மிச்சம் வைத்ததைத் தின்கிறவை.
சம்பளம் கேட்பதில்லை.
காற்று மட்டும் கேட்கும்.

ஜனவரி. பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
மணி இரண்டு பத்து.
பச்சைக் கோடு அசைந்தது.
நீலக் கோடு, அதுதான் காற்றின் கோடு,
படியில் கால் தவறினவன் போல
இரண்டிலிருந்து ஒன்று,
ஒன்றிலிருந்து அரை.
ஊதிகள் தொண்டை கிழியக் கத்தியும்
ஏறவில்லை.

டார்ச்சோடு வாய்க்காலுக்கு ஓடினேன்.
வெள்ளை.
மூக்கில் புளித்த இனிப்பு.
சீஸ் பிழிந்த தண்ணீர்.
இந்த ஊரில் அதைப் பிழிகிற இடம் ஒன்றுதான்.
அங்கே இரவுப் பொறுப்பு
என் அக்கா மகன் வைடோடாஸ்.

முன்னால் இரண்டு சக்கரங்கள்.
ஒன்றைத் திருப்பினால் நேரே ஷெல்வே ஆற்றுக்கு.
பனிக்கு அடியில், இருட்டில்,
யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்.
மார்ச்சில் உருகும்போது
மீன்கள்தான் வயிற்றைக் காட்டும்.
மற்றது மழைத்தொட்டிக்கு.
அது உறைந்து கல்லாயிருந்தது.

இரண்டு கெண்டி வெந்நீர், ஒரு கடப்பாரை,
எனக்குத் தெரிந்த ரஷ்யக் கெட்ட வார்த்தை அத்தனையும்.
இருபத்தைந்து நிமிடம்.
திரும்பிற்று.

போன் போட்டேன்.
"சித்தி, தூங்கலையா?
ஏதாவது வால்வு கசிஞ்சிருக்கும்."
"கசிவுக்கு மணி பார்க்கத் தெரியுமாடா?"
அந்தப் பக்கம் இயந்திரங்களின் இரைச்சல் மட்டும்.
பிறகு அதுவும் இல்லை.

பதிவேட்டில் எழுதினேன்:
2.10. வெள்ளை. நாற்பது கன மீட்டர் இருக்கலாம்.
'எங்கிருந்து' என்ற கட்டத்தில் பேனா நின்றது.
குளிரில் மை உறைந்துவிட்டது என்று
சொல்லிக்கொள்ளலாம்.
பென்சில் எடுத்தேன்.

தொட்டியில் பிடித்ததைப்
பதினோரு நாள் வைத்துக் கொடுத்தோம்,
விருந்துச் சாப்பாட்டைப் பத்தியக்காரனுக்குப் போடுகிற மாதிரி
கரண்டி கரண்டியாக.
முதல் இரண்டு நாள் கண்ணாடிக்குக் கீழே
வெறும் தண்டுகள், தலை உதிர்ந்து.
மூன்றாம் நாள் ஒன்று நீண்டது.
ஒன்றே ஒன்று.
சக ஊழியன் கிந்தாரஸைக் கூப்பிட்டுக் காட்டினேன்,
பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல்
எனக்கும் சேர்த்துக் காப்பி போட்டான்.

ஆலைக்கு அபராதம் வந்தது.
அக்கா என் பிறந்தநாளுக்கு வரவில்லை.
ஒரு சீஸ் உருண்டை அனுப்பினாள்,
உப்பு ரொம்ப அதிகம்.

எங்கள் குழாய் வாயில் மட்டும் ஆறு உறைவதில்லை.
அன்னங்கள் அங்கேதான் குளிர்காலத்தைக் கழிக்கும்.
நாற்றம் தாங்கவில்லை என்று
நகர மன்றத்தில் கத்துகிற ரிம்காவ்டாஸும்
தூண்டிலோடு ஸ்டூல் போடுவது அங்கேதான்.
ஷிப்ட் முடிந்து போகையில்
சிகரெட் துண்டைத் தண்ணீருக்கு ஓங்கியவர்
என்னைப் பார்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
"நேற்று யார் ஜெயித்தது?"
"தெரியாது.
கடைசி விசில் வரைக்கும்
ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை."