எட்டு நொடி

செவ்வாய்ப்பேட்டைக் கடையில்
இரண்டு மெஷின்களை இறக்கி வைத்தார் இம்தியாஸ்.
ஒரே யூக்கலிப்டஸ் கட்டை.
பச்சை மெஷினுக்குப் பதினான்கு நொடி.
ஆரஞ்சு மெஷினுக்கு ஆறு.
மரத்தூள் என் செருப்புக்குள் புகுந்தது.
"பார்த்தீங்களா மேடம், வெண்ணெய்" என்றார்.
விலையில் ஒன்பதாயிரம் வித்தியாசம்.
கூட்டுறவு வங்கியில் இருபத்திரண்டு வருடம்
ஊரார் வட்டியைச் சரிபார்த்தவள் நான்.
அன்று கணக்குப் போடவில்லை.
வெண்ணெயை வாங்கினேன்.

இருபது கொண்டை ஊசி வளைவு.
மடியில் வைக்கக் கண்டக்டர் விடவில்லை.
டிரைவர் பக்கத்தில், இன்ஜின் பெட்டி மேல்,
என் பழைய துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு
பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை போல
அசையாமல் உட்கார்ந்து வந்தது.

நாகலூரில் எனக்கு ஒன்றரை ஏக்கர் காப்பி.
நிழலுக்குச் சில்வர் ஓக்,
ஒவ்வொன்றிலும் மிளகுக் கொடி.
மழைக்கு முன் நிழல் கவாத்து.

முதல் கிளை, ஆறு நொடி.
பொய் இல்லை, செல்போனில் நேரம் பார்த்தேன்.
ஆனால் அதற்கு முன்னால்
பெட்ரோலில் ஆயில் கலந்தது பத்து நிமிடம்,
மூடி திறக்காமல் பல்லால் கடித்தது தனி.
சோக்கை மூடவா திறக்கவா என்று
கயிற்றை இழுத்து இழுத்து நின்றது கால் மணி.
எந்தப் பக்கம் விழும் என்று மரத்தைச் சுற்றி வந்தேன்,
மூன்று தரம்,
பிள்ளையாரைச் சுற்றுகிற அதே திசையில்.
கொடியை ஒதுக்கிக் கட்டினேன்.
அட்டை கடித்த கணுக்காலில் சுண்ணாம்பு வைத்தேன்.
பிறகு அந்த ஆறு நொடி.
பிறகு, விழுந்ததை இழுத்துப் போட அரை நாள்.

மூன்றாம் நாள் செயின் மண்ணைத் தொட்டுவிட்டது.
அதன்பின் வெண்ணெய் இல்லை.
தூள் மாவாக வந்தது, கருகல் வாசம்,
ஒரு கிளைக்கு இருபது நொடி.
நூற்றிருபது ரூபாய் அரம் ஒன்று
ஒன்பதாயிரத்தைத் திருப்பித் தந்தது.

அன்று இரவு சலான் காகிதத்தின் பின்பக்கம் எழுதினேன்:
வருடத்துக்கு நாற்பது வெட்டு.
நாற்பது எட்டு முந்நூற்றிருபது.
ஆக, ஐந்து நிமிடம் இருபது நொடி மிச்சம்.
நொடிக்கு இருபத்தெட்டு ரூபாய்.
இந்த வட்டிக்குக் கடன் கேட்டு
யாராவது வந்திருந்தால்
தண்ணீர் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

பக்கத்து எஸ்டேட்டில் தீர்த்தகிரிக்குக் கூலி வேலை.
அவரிடம் இருப்பது பச்சை மெஷின்.
நாளைக்கு நானூறு வெட்டு.
அதே எட்டு நொடியை அவருக்கும் பெருக்கிப் பார்த்தேன்.
ஐம்பத்து மூன்று நிமிடம்.
வாழவந்திக்குப் போகும் ஐந்தரை பஸ்
தினமும் அந்த ஐம்பத்து மூன்று நிமிடத்துக்குள்தான் போய்விடுகிறது.
அப்புறம் பனிமூட்டம், நடை.

வேலி ஓரம் நின்று வேகத்தைப் பற்றிக் கேட்டேன்.
"வேகமா?
கை கடுக்கிற நேரம் குறையுங்க, அவ்வளவுதான்."

வியாழக்கிழமை ஆரஞ்சை அவரிடம் கொடுத்தேன்.
இம்தியாஸ் காட்டியதை அவர் பார்க்கவில்லை.
ஓட விட்டார்,
முன்னால் இருந்த கைக்காப்பை மணிக்கட்டால் தட்டினார்.
செயின் பட்டென்று உறைந்தது.
இன்னொரு தரம் தட்டினார்.
"நிக்குது" என்றார்.
வேட்டியை மடித்துக் கட்டும்போதுதான் கண்டேன்,
இடது முழங்காலுக்கு மேல்
வாய் மூடாத ஒரு பழைய தழும்பு.
ஆறா பதினான்கா என்று நான்
கடையில் வாய் பிளந்து நின்றபோது
எவ்வளவு சீக்கிரம் நிற்கும் என்று
கேட்கவே தோன்றவில்லை.

பகல் முழுக்கச் சரிவுக்கு அப்பாலிருந்து
என் மெஷினின் சத்தம்.
என்னிடம் இருந்தபோது
அது இப்படிப் பாடியதில்லை, இருமிக்கொண்டுதான் இருந்தது.
ஐந்து மணிக்கு மேல் சத்தம் இல்லை.
பனிக்குள் ஐந்தரை பஸ் ஹாரன் அடித்து
ஒரு கணம் நின்று
கிளம்பியது.

வாசல் விளக்கைப் போட்டு வைத்தேன்.
மெஷின் வரவில்லை.
இந்நேரம் இன்ஜின் பெட்டி மேல்
துப்பட்டா இல்லாமல் உட்கார்ந்திருக்கும்.
நாளைக்குக் கேட்க வேண்டும்.
பெட்ரோல் யார் கணக்கு என்பதையும்.